யூதர்களின் விருத்தசேதனச் சட்டங்கள்: எந்த நூலில், எந்த இடத்தில், ஏன் அங்கே?

தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு விருத்தசேதனம் பழகிய சொல். முஸ்லிம் வீடுகளில் சுன்னத் என்பார்கள். யூதர்கள் அதை 'மிலா' என்கிறார்கள். சடங்கையும் சேர்த்துச் சொல்லும்போது 'பிரித் மிலா', அதாவது விருத்தசேதன உடன்படிக்கை. செய்து வைப்பவர் பெயர் 'மோஹெல்'. இதற்கான சட்டங்களைத் தேடிப் போகிறவர்கள் முதலில் திணறுவது இடம் தெரியாமல்தான். ஒரு நூலில் ஓய்வுநாள் சட்டங்களுக்கு நடுவே இருக்கும், இன்னொன்றில் ஜெபச் சட்டங்களுக்குப் பக்கத்தில், மூன்றாவதில் தான தர்மத்துக்கு அடுத்து. இது குழப்பத்தால் வந்ததல்ல. தொகுத்தவர் எந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாரோ, அதற்கேற்ற அலமாரியில் வைத்தார்.

எல்லாம் தோராவிலேயே இருக்காதா?

தோராவில், அதாவது வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களில், இருப்பது கொஞ்சம்தான். ஆதியாகமம் 17-ல் ஆபிரகாமுக்குக் கட்டளை வருகிறது: ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும், எட்டாம் நாளில், தலைமுறைதோறும். லேவியராகமம் 12:3 பிரசவத் தீட்டைப் பற்றிப் பேசும்போது போகிறபோக்கில் ஒரே வரியில் அதைத் திரும்பச் சொல்கிறது. யாத்திராகமம் 12, விருத்தசேதனம் இல்லாதவன் பஸ்கா உண்ணக் கூடாது என்கிறது. அவ்வளவே. யார் வெட்டுவது, எதால் வெட்டுவது, எவ்வளவு வெட்டினால் போதும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது, எட்டாம் நாள் சனிக்கிழமையாக இருந்தால் என்ன செய்வது? எதற்கும் நேரடி விடை கிடையாது. அந்த விடைகளைத்தான் மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பும், அதன்மேல் நடந்த விவாதங்களின் தொகுப்பான தல்மூதும், பின்னால் வந்த தொகுப்புகளும் தருகின்றன.

மிஷ்னாவில் இதற்கென்று தனிப் பகுதி உண்டா?

இல்லை. கி.பி. 200-ஐ ஒட்டி ரப்பி யூதா தொகுத்த மிஷ்னாவில் திருமணம், விவாகரத்து, நேர்த்திக்கடன் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. விருத்தசேதனத்துக்கு இல்லை. அதன் பெரும்பகுதி 'ஷப்பாத்', அதாவது ஓய்வுநாள் என்னும் பகுதியின் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

ஏன் அங்கே? வீட்டுக்கு வீடு அன்றாடம் நடக்கும் காரியத்தை எப்படிச் செய்வது என்று எழுதிவைக்க அவசியமில்லை. அது கைப்பழக்கமாக வந்துவிடும். சிக்கல் வருவது இரண்டு கட்டளைகள் மோதும்போது. ஓய்வுநாளில் காயப்படுத்துவது தடை, எட்டாம் நாளில் விருத்தசேதனம் கட்டாயம். எது எதற்கு வழிவிடும்? மிஷ்னாவின் பதில்: உரிய நாளில் வரும் விருத்தசேதனம் ஓய்வுநாளைத் தள்ளிவைக்கும். ஆனால் அதற்கான ஆயத்த வேலைகள் தள்ளிவைக்குமா என்பதில் இரண்டு கட்சி. ரப்பி எலியேசர் ஒரே போடாகச் சொல்கிறார்: கத்தி இல்லையென்றால் விறகு வெட்டி, கரி சுட்டு, இரும்பை அடித்துக் கத்தி செய்யலாம், அன்றைக்கே. ரப்பி அகிவா மறுக்கிறார்: வெள்ளிக்கிழமையே செய்து வைத்திருக்கக்கூடிய எந்த வேலையும் ஓய்வுநாளைத் தள்ளாது. நிலைத்தது அகிவாவின் விதி. சனிக்கிழமை பிரித் என்றால் கத்தி, துணி, மருந்து எல்லாம் வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். மறந்தால் சடங்கே தள்ளிப்போகலாம்.

வேடிக்கை என்னவென்றால், ஓய்வுநாளில் என்னென்ன செய்யலாம் என்று பட்டியலிடப் போய்த்தான் மிஷ்னா செய்முறையையே நமக்குத் தருகிறது: வெட்டுவது, உட்சவ்வைக் கிழிப்பது, உறிஞ்சுவது, கட்டுப் போட்டுச் சீரகம் வைப்பது. சீரகத்தை முந்தின நாள் இடித்து வைக்கவில்லையா, அன்றைக்கு உரலில் இடிக்காதே, பல்லால் மென்று வை என்கிறது.

எட்டாம் நாள் என்றால் எட்டாம் நாள்தானே? 12-ஆம் நாள் வரை போகலாம் என்கிறார்களே?

யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. பிறந்த நாளே முதல் நாள். செவ்வாய் பகல் 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு அடுத்த செவ்வாய். செவ்வாய் இரவு 9 மணிக்குப் பிறந்தால் அது புதன் கணக்கு, ஆகவே அடுத்த புதன். பெற்றோர் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஆஸ்பத்திரிச் சான்றிதழில் செவ்வாய் என்று இருக்கும், மோஹெலிடமும் அதையே சொல்லிவிடுவார்கள். பிறந்த மணியும் அன்றைய சூரிய அஸ்தமன நேரமும் இரண்டும் வேண்டும். நாளை முந்தக் கூடாது.

சூரியன் மறைந்து நட்சத்திரங்கள் தெரிவதற்குள் பிறந்தால்தான் சிக்கல். அது முந்தின நாளா அடுத்த நாளா என்பது சந்தேகம். சந்தேகத்தில் முன்கூட்டிச் செய்யக் கூடாது என்பதால் பின்னாளைப் பிடிப்பார்கள்; அது முந்தின கணக்கில் 9-ஆம் நாள். அந்த அந்திப்பொழுது வெள்ளிக்கிழமையுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வெள்ளி எட்டாம் நாளாக இருக்கலாம், ஏழாம் நாளாகவும் இருக்கலாம், ஆகவே கூடாது. சனிக்கிழமை எட்டாவதாக இருக்கலாம், ஒன்பதாவதாகவும் இருக்கலாம். ஒன்பதாவது என்றால் ஓய்வுநாளைத் தள்ள அதற்கு உரிமையில்லை. ஆகவே ஞாயிறு, வெள்ளியிலிருந்து எண்ணினால் 10. அந்த ஞாயிறு பண்டிகை நாளாக இருந்தால் திங்கள், 11. ஞாயிறு, திங்கள் இரண்டும் புத்தாண்டுப் பண்டிகையான ரோஷ் ஹஷானா என்றால் செவ்வாய், 12.

இதில் ஒரு நுணுக்கம். இப்போதுள்ள நிலையான நாள்காட்டியில் ரோஷ் ஹஷானா ஞாயிற்றுக்கிழமை தொடங்கவே தொடங்காது. மிஷ்னா சொன்ன அந்த உதாரணம் இன்று நடக்க வழியில்லை. ஆனால் இஸ்ரேலுக்கு வெளியே பஸ்கா போன்ற பண்டிகைகளை இரண்டு நாள் கொண்டாடுகிறார்கள், அது ஞாயிறு திங்களில் விழக்கூடும். காலம் தாண்டிய விருத்தசேதனத்தை அந்த இரண்டாம் நாளில் செய்யலாம் என்கிறார் 12-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ். கூடாது என்கிறார் ரோஷ் என்று அழைக்கப்படும் ஆஷெர் பென் யெஹியேல். இரண்டாவது கருத்தைப் பின்பற்றுகிறவர்களுக்கு 12-ஆம் நாள் இன்றும் வரும்.

மைமோனிடிஸ் இதை ஏன் 'அன்பு' என்ற நூலில் வைத்தார்?

1138-ல் கோர்தோபாவில் பிறந்து 1204-ல் எகிப்தில் மறைந்த மைமோனிடிஸ், 'மிஷ்னே தோரா' என்ற 14 நூல் தொகுப்பில் மொத்தச் சட்டத்தையும் புதிதாக அடுக்கினார். இரண்டாவது நூலின் பெயர் 'அன்பு'. அதில் ஷெமா என்ற விசுவாச அறிக்கையை வாசித்தல், ஜெபம், கையிலும் நெற்றியிலும் கட்டும் தெஃபிலின், வாசல்நிலையில் பதிக்கும் மெசூசா, ஆடைக் குஞ்சம், ஆசீர்வாதங்கள் எல்லாம் வந்தபின் கடைசியாக 3 அதிகாரங்களில் மிலா.

காரணத்தை அவரே சொல்கிறார்: கடவுளை எப்போதும் நினைவூட்டும் கட்டளைகளே இந்த நூலில் உள்ளவை, தெஃபிலினும் குஞ்சமும் உடம்பில் இல்லாத நேரத்திலும் இந்த அடையாளம் சதையிலேயே இருக்கிறது. ஆக, குழந்தைப் பருவச் சடங்காக அல்ல, வாழ்நாள் முழுவதும் சுமக்கும் அடையாளமாக அதை அவர் வகைப்படுத்துகிறார். எங்கள் பார்வையில் எல்லாத் தொகுப்புகளிலும் ஒழுங்கு மிக நேர்த்தியாக இருப்பது இங்கேதான்: முதல் அதிகாரம் யார்மேல் கடமை, எப்போது; இரண்டாவது யார் செய்வது, எதால், எப்படி; மூன்றாவது ஆசீர்வாதங்கள், கடைசியில் இந்தக் கட்டளையின் பெருமை. மிஷ்னாவில் தலையாய கேள்வியாக இருந்த ஓய்வுநாள், இங்கே முதல் அதிகாரத்துக்குள் ஒரு கிளையாகச் சுருங்கிவிடுகிறது.

ஷுல்ஹான் ஆருக்கில் எங்கே தேடுவது?

யோசேப் காரோவின் சட்டத் தொகுப்பான அதில் நேரே 'யோரே தேயா' பகுதிக்குப் போய், 260 முதல் 266 வரையுள்ள பிரிவுகளில். இந்த எண்கள் ஷுல்ஹான் ஆருக்குக்கும் முந்தியவை. 14-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோவில் வாழ்ந்த யாக்கோபு பென் ஆஷெர், மேலே சொன்ன ரோஷின் மகன், 'தூர்' என்ற நூலில் சட்டத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்: அன்றாட வழிபாடும் பண்டிகையும், விலக்குகளும் பலவகைக் கடமைகளும் (இதுவே யோரே தேயா), திருமணம், சொத்தும் நீதிமன்றமும். எருசலேம் ஆலயம் இடிந்தபின் வழக்கொழிந்த சட்டங்களை விட்டுவிட்டார். யோசேப் காரோ அதே சட்டகத்தில் ஷுல்ஹான் ஆருக்கை எழுதினார். 1565-ல் வெனிசில் அச்சானது.

யோரே தேயாவில் அக்கம்பக்கம் யார் என்று பாருங்கள். 240 முதல் தாய் தந்தையரை மதித்தல், பிறகு தோரா கற்பித்தலும் ஆசிரியர் மரியாதையும், 247 முதல் தர்மம், 260-ல் மிலா, 267-ல் அடிமைகள், 268-ல் மதத்துக்கு வருவோர், 270-ல் தோராச் சுருள். ஒரு மனிதன் இன்னொருவனுக்குச் செய்ய வேண்டியவை என்ற வரிசையில் மிலா வந்து உட்காருகிறது. இங்கே அது உடம்பின் அடையாளம் என்பதைவிடத் தந்தையின் கடன்.

260 முதல் 266 வரை எதில் என்ன?

260: மகனுக்கு விருத்தசேதனம் செய்வது தந்தையின் கடமை. ஒரே ஒரு பத்தி. 261: தந்தை செய்யாவிட்டால் சமூகத்தின் நீதிமன்றம் செய்யும், அதுவும் ஒரு பத்தி. 262: நாளும் நேரமும், நோயுற்ற குழந்தை. 263: நிறம் மாறிய குழந்தை, சகோதரர்கள் இறந்த குழந்தை, நுனித்தோல் இல்லாமல் பிறந்த குழந்தை. 264: யார், எதால், எப்படி. 265: ஆசீர்வாதங்களும் சடங்கு ஒழுங்கும். 266: ஓய்வுநாளும் பண்டிகையும்.

கடைசி இரண்டும்தான் நீளமானவை. கத்தி வைக்கும் முறை 264-ல் சில வரிகளோடு முடிந்துவிடுகிறது.

தந்தை செய்யவில்லை என்றால் யார் பொறுப்பு? தாய்க்குக் கடமை இல்லையா?

தல்மூது தந்தைக்கு மட்டும் என்கிறது. தந்தை தவறினால் நீதிமன்றம். அதுவும் நடக்காமல் பையன் வளர்ந்துவிட்டால் கடமை அவன் தலையில். ஜனத்திலிருந்து அறுப்புண்டுபோதல் என்ற 'காரேத்' தண்டனை தந்தைக்கு அல்ல, வளர்ந்தும் செய்துகொள்ளாதவனுக்கு. எப்போதிலிருந்து? விருத்தசேதனம் இல்லாமல் இறந்தால் மட்டுமே என்கிறார் மைமோனிடிஸ். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவன் அந்தக் குற்றத்தில் நிற்கிறான் என்று அவருக்கு மறுப்பு எழுதுகிறார் அவர் காலத்து அறிஞர் ராவாத்.

செய்முறையைச் சட்டம் எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது?

மூன்று செயல், ஒரு கட்டு. முதலில் மிலா: ஆண்குறியின் மொட்டுப் பகுதியை மூடியிருக்கும் நுனித்தோலை, மொட்டு முழுவதும் தெரியும்படி வெட்டுவது. இரண்டாவது பெரியா: அடியில் இருக்கும் மெல்லிய சவ்வை நகத்தால் கிழித்து இருபக்கமும் பின்னால் மடிப்பது. மூன்றாவது மெட்ஸிட்ஸா: காயத்திலிருந்து இரத்தத்தை உறிஞ்சி எடுப்பது. பிறகு கட்டு.

இதில் தவறு நடக்கிற இடம் இரண்டாவது. 'வெட்டிவிட்டுப் பெரியா செய்யாதவன் விருத்தசேதனமே செய்யாதவன் போல' என்று மிஷ்னா முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறது. வெளித்தோல் போய்விட்டதே என்று விட்டால், சவ்வு மறுபடி மேலேறி மொட்டை மூடிவிடும்.

அடுத்தது மிச்சச் சதைத் துணுக்குகள். மொட்டின் விளிம்பில் பெரும்பகுதியை மூடும் துணுக்கு மிஞ்சினால் சடங்கு செல்லாது, எடுத்தே ஆக வேண்டும். அதற்குக் குறைந்தது அழகுக் குறைதான். வார நாளில் இரண்டையும் எடுக்கலாம். ஓய்வுநாளில், கை வேலையில் இருக்கும்வரை இரண்டையும் எடுக்கலாம். கையை எடுத்துவிட்டால் செல்லாமல் ஆக்கும் துணுக்குக்கு மட்டுமே திரும்பிப் போகலாம். இதுவரை ஒருமுறைகூடச் செய்திராதவர் ஓய்வுநாளில் தொடங்கக் கூடாது என்று 266 சொல்வதும் இதனால்தான்: கெடுத்துவிட்டால் கட்டளையும் நிறைவேறாது, ஓய்வுநாளும் வீணாகும்.

குண்டுக் குழந்தைகளில் சதை திரண்டு வந்து வெட்டாதது போலத் தோன்றுவது வேறு விஷயம். நன்றாகச் செய்திருந்தால் மறுபடி வெட்ட வேண்டியதில்லை, பார்வைக்காகச் சதையைப் பின்னால் தள்ளிவைத்தால் போதும்.

கருவி எதுவும் ஆகலாம்: கல், கண்ணாடி, வெட்டுகிற எதுவும். நாணல் தட்டை மட்டும் ஆகாது, சிராய் ஏறும். சிறந்தது இரும்பு. செய்பவர் வளர்ந்த யூத ஆணாக இருப்பது முதன்மை. பெண் செய்யலாமா? காரோ செல்லும் என்கிறார். மோசேயின் மனைவி சிப்போராள் கூர்மையான கல்லால் மகனுக்குச் செய்தது தல்மூது விவாதத்திலேயே வருகிறது. செய்யக் கூடாது என்போரும் உண்டு, எங்கள் வழக்கம் அதுவே என்று ரெமா குறிப்பெழுதுகிறார்.

ரெமா யார்?

கிராக்கோவின் மோசே இஸ்ஸர்லெஸ், மறைவு 1572. காரோ எழுதியது ஸ்பெயின், கீழை நாடுகளின் மரபு. அதன்மேல் ஜெர்மனி, போலந்து யூதர்களின் வழக்கத்தைக் குறிப்புகளாகச் சேர்த்தார். அச்சில் காரோவின் வரிகளுக்கு நடுவே வேறு எழுத்துவகையில் வரும். ஷுல்ஹான் ஆருக் என்றால் 'விரித்த மேசை', ரெமாவின் குறிப்புகளுக்குப் பெயர் 'மேசைத்துணி'. யாருக்கு எந்த வழக்கம் என்று தெரியாமல் இந்தப் பக்கங்களைப் படித்தால் பாதிக்குப் பாதி முரணாகத் தெரியும்.

உறிஞ்சுவது ஏன் இவ்வளவு சர்ச்சை?

தல்மூதில் ரவ் பாப்பா சொல்கிறார்: உறிஞ்சாத மோஹெல் ஆபத்து விளைவிக்கிறான், அவனை வேலையிலிருந்து நீக்குங்கள். அதாவது அந்தக் கால மருத்துவக் கருத்தில் அது குழந்தையின் பாதுகாப்புக்கு. அப்படியானால் இன்று வாய்வழியே தொற்று பரவும் என்று தெரிந்தபின்? அது சிகிச்சையே, சடங்கின் உறுப்பு அல்ல என்று எடுத்துக்கொள்பவர்கள் பஞ்சோ கண்ணாடிக் குழாயோ பயன்படுத்துகிறார்கள். மூன்று செயலில் அதுவும் ஒன்று என்று நூல் வரிசையைக் காட்டுபவர்கள் வாயாலேயே என்கிறார்கள். ஹத்தாம் சோஃபெர் என்ற பெரிய ரப்பி 1837-ல் எழுதிய பதிலில் பஞ்சு கொண்டு ஒற்றி எடுப்பதை அனுமதித்தார். எங்களுக்கு முதல் தரப்பே வலுவாகத் தெரிகிறது. ஆபத்தைக் காரணம் காட்டி வந்த விதி ஆபத்தைக் கொண்டுவர முடியாது.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால்?

உடம்பு முழுவதையும் பாதிக்கும் நோய் (காய்ச்சல் போல) என்றால், குணமான நேரத்திலிருந்து முழுதாக 7 நாள், ஒவ்வொன்றும் 24 மணி நேரம். செவ்வாய் காலை 10 மணிக்குத் தெளிந்தால் அடுத்த செவ்வாய் 10 மணிக்குப் பிறகே. லேசான கண்வலி போல ஓரிடத்து நோய் என்றால், குணமானதும் செய்யலாம். இப்படித் தள்ளிப்போனது ஓய்வுநாளில் நடக்கக் கூடாது. வியாழனையும் சிலர் தவிர்ப்பார்கள், மூன்றாம் நாள் வலி ஓய்வுநாளில் விழும் என்பதால்.

263 பேசுவது நிறம் பற்றி. ரப்பி நாத்தான் பயணத்தில் ஒரு தாயைச் சந்திக்கிறார்; இரண்டு மகன்கள் விருத்தசேதனத்தில் இறந்துவிட்டார்கள், மூன்றாவதைக் கொண்டுவருகிறாள், குழந்தை சிவந்திருக்கிறது. இரத்தம் உள்ளே அடங்கும்வரை பொறு என்கிறார். பொறுத்தாள், குழந்தை பிழைத்தது, அவர் பெயரையே வைத்தார்கள். வேறோர் இடத்தில் 'யாரோக்' குழந்தை. அந்த எபிரேயச் சொல் பச்சையையும் மஞ்சளையும் குறிக்கும். இன்று மோஹெல்கள் மஞ்சள் காமாலை பார்ப்பது இந்த வரியை வைத்துத்தான். மஞ்சள் தெளிந்தபின் 7 நாள் வேண்டுமா, உடனே செய்யலாமா என்பதில் ரப்பிகளிடையே ஒரே கருத்து இல்லை.

அதே 263-ல்: இரண்டு மகன்கள் விருத்தசேதனத்தால் இறந்தால் மூன்றாமவனுக்கு வளர்ந்து வலுப்பெறும்வரை செய்யாதே. தல்மூதில் செப்போரிஸ் ஊரின் நான்கு சகோதரிகள்: மூவரின் மகன்கள் இறந்தபின் நான்காமவளிடம் செய்யாதே என்றார் ரப்பான் ஷிமோன் பென் கமாலியேல். அக்காள் தங்கை வழியாக ஆபத்து வரும் என்று கண்டிருக்கிறார்கள். தாய்வழி வந்து ஆண்களைத் தாக்கும் ஹீமோஃபிலியா என்ற இரத்தம் உறையாக் குறைபாட்டுக்கு இது அப்படியே பொருந்துகிறது. மைமோனிடிஸ் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லி வைத்தார்: பிறகு விருத்தசேதனம் செய்யலாம், போன உயிரைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சடங்கில் யார் என்ன சொல்வார்கள்?

265. வெட்டுமுன் மோஹெல் ஓர் ஆசீர்வாதம் சொல்வார். வெட்டுக்கும் பெரியாவுக்கும் இடையே தந்தை, 'நம் தந்தை ஆபிரகாமின் உடன்படிக்கைக்குள் இவனைக் கொண்டுவர' என்ற ஆசீர்வாதம். சுற்றி நிற்பவர்கள் உடனே, உடன்படிக்கைக்குள் வந்தது போலவே தோராவுக்கும் மணப்பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் வரட்டும் என்பார்கள். பிறகு திராட்சை மது, பெயர் சூட்டல். குழந்தையை மடியில் வைத்திருப்பவர் சந்தெக். பக்கத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு ஒரு நாற்காலி.

ஓய்வுநாள் சட்டம் ஏன் இரண்டு இடத்தில்?

யோரே தேயா 266-லும், வழிபாடும் பண்டிகையும் உள்ள 'ஓராஹ் ஹயீம்' 331-லும் வரும். முதலாவது மோஹெலின் பக்கத்திலிருந்து, இரண்டாவது ஓய்வுநாளின் பக்கத்திலிருந்து. அறுவைப் பிரசவத்தில் பிறந்த குழந்தைக்கு எட்டாம் நாள் சனிக்கிழமையானால் ஞாயிறுக்குத் தள்ள வேண்டும் என்பது இங்கே முக்கியம். ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியபின் அடிக்கடி வருவது. மிஷ்னா பெரூரா என்ற பிரபல உரை ஓராஹ் ஹயீமுக்கு மட்டுமே எழுதப்பட்டது. அதை வைத்திருப்பவர்கள் 331-ஐப் படித்துவிட்டு எல்லாம் பார்த்தாயிற்று என்று நினைத்துவிடுவதுண்டு.

வேறெங்கே சிதறிக் கிடக்கிறது?

ரோஷ் ஹஷானாவில் எக்காளம் ஊதுமுன் செய்வது ஓராஹ் ஹயீம் 584-ல், பாவநிவிர்த்தி நாள் 621-ல், ஆப் மாதம் ஒன்பதாம் நாள் நோன்பு 559-ல். மதத்துக்கு வரும் ஆண்களுக்கு யோரே தேயா 268. மைமோனிடிசிலோ அது 'அன்பு' நூலில் முழுதாக இல்லை, தடைசெய்த உறவுகள் பற்றிய 'பரிசுத்தம்' நூலில் தேட வேண்டும். இன்னொருவர் செய்ய வேண்டிய கட்டளையைத் தட்டிப்பறித்தால் 10 பொற்காசு தண்டம் என்பது சொத்துச் சட்டமான ஹோஷென் மிஷ்பாட் 382-ல். தானே செய்யத் தெரிந்த தந்தை மோஹெலிடம் ஒப்படைக்கலாமா என்ற பெரிய விவாதத்தை 17-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ஷாக் கிளப்பியது அந்த மூலையில்தான்.

கட்டளைகளைத் தோராவின் வரிசையில் எண்ணும் 'சேஃபெர் ஹாஹினுக்' நூலில் இது இரண்டாவது கட்டளை. சுருக்கமாகப் போதும் என்றால் 1864-ல் வந்த கன்ஸ்ஃப்ரீடின் 'கிட்ஸூர் ஷுல்ஹான் ஆருக்', 163-ஆம் பிரிவு.

பொருளடக்கத்தில் 'ஓர்லா' என்று தேடினேன். மரம் பற்றி வருகிறதே?

நுனித்தோலுக்கு எபிரேயத்தில் 'ஓர்லா'. நட்ட மரத்தின் முதல் 3 ஆண்டுக் கனியை உண்ணக் கூடாது என்ற லேவியராகமம் 19:23 சட்டத்துக்கும் அதே சொல். தமிழ் வேதாகமமும் அங்கே விருத்தசேதனம் என்ற சொல்லையே ஆள்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்தது யோரே தேயா 294. 'மிலா' என்று தேடுங்கள், 260-க்கு வருவீர்கள்.